அழுக்கு உமி

புதிய விலங்குக்கூடத்தைத் திறந்து வைத்த அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்றவனை ஒரு கதிரையில் இருத்தி, வடையும் தேநீரும் கொடுத்து அனுப்பியிருந்தால் நானும் சந்தோசமாக வீட்டுக்குப் போயிருப்பேன். உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனிக் குழாயில் காற்று போய் வருகிறது. கூடு மாற்றுவதற்குக் கண்ணாடி முகப்பு வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் கைவிட்டு வேலை செய்தால் கிளம்புகிற தூசியை அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அதையெல்லாம் விளக்கிய இளம் உத்தியோகத்தர் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டுதான் விளக்கினார்.

"ஐயா, உங்கடை காலம் மாதிரி இல்லை. இப்ப ஒண்டும் வெளியாலை வராது. வீட்டை போக முதல் தலை தோயிறதெல்லாம் வீண் வேலை" என்றார்.

சபை நடுவில் சண்டை பிடிக்கிற வயது எனக்குப் போய்விட்டது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. அதனால் என்னோடு வேலை செய்த சிவபாலனின் கதையை எழுதுகிறேன். அந்தத் தம்பி வாசித்தால் நல்லது. வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றினால் போதும்.

என் பெயர் மரியதாஸ். ஊர் குருநகர். அப்பா கடலுக்குப் போனவர். எலி என்றால் வலையைக் கடித்து வைக்கிற சனியன் என்பதற்கு மேல் எனக்கு விலங்கியல் தெரியாது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் ஒன்றில் குப்பி காவித் திரிந்த என்னை, சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு திருநெல்வேலியில் தொடங்கிய ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்கு எடுத்தார்கள். மூலிகை மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற இடம். பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். எலியை எப்படித் தூக்குவது, எப்படிக் கடி வாங்குவது, கடி வாங்கினால் சிங்களத்தில் எப்படிச் சத்தம் போடுவது என்பதையெல்லாம் பழகிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஆராய்ச்சிக் கூடம் என்று பெயர்தான். பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், சொந்தக்காரர்கள் லண்டனில் இருக்கிற ஒரு பழைய கல்வீடு. யன்னல்களைக் கல் வைத்து அடைத்து, மண்டபத்தைத் தடுத்து, நடு அறையில் எலிகளை வைத்திருந்தோம். ஒரு குடும்பம் படுத்தெழும்பிய அறை அது. சுவரில் அவர்களின் படங்கள் தொங்கிய இடமெல்லாம் சதுரம் சதுரமாக வெளிறிக் கிடந்தது. எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் அந்தச் சதுரங்கள் திரும்பி வந்தன.

கதவடியில் நின்றால் உள்ளே கொறிக்கிற சத்தமும் படுக்கையாகப் போட்ட உமியைக் கிளறுகிற சத்தமும் கேட்கும். கதவைத் திறந்தவுடன் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும். தட்டுத் தட்டாக வெள்ளை உடம்புகள், சிவந்த கண்கள், ஒன்றும் அசையாது. கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால்தான் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கும். மனிதக் காதுக்கு எட்டாத குரலில் அவை தங்களுக்குள் கதைக்கும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த அறையின் அமைதியை நான் நம்பவில்லை. என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைப்பேன்.

மேலாளர் ஒரு மிருக வைத்தியர். சறோஜினி என்று பெயர். நாங்கள் மிஸ் என்போம். ஐம்பது கடந்தவர், மெலிந்தவர், குரலை உயர்த்தாதவர். பிழை விட்டவனை ஏசமாட்டார். அவன் செய்த வேலையை முதலிலிருந்து தானே செய்து காட்டுவார். அவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஏச்சு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். வேலை முடிந்து வெளியே போகிறவனை வாசலில் மறித்து, "கொஞ்சம் நில்லுங்கோ" என்று சொல்லி, சட்டைக் கொலரடியில் மூக்கை வைத்து மணந்து பார்ப்பார். கலியாணமாகாத ஒரு பெண் எங்கள் கழுத்தடியில் மூக்கை வைக்கிற அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். எலி மணம் இருந்தால் குளியலறைப் பக்கம் கையைக் காட்டுவார்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் எங்கள் எல்லோரையும் எலி அறைக்குள் நிறுத்தி வெளிச்சத்தை அணைத்தார். யன்னல் இல்லாத அறை, பகலிலும் கும்மிருட்டு. இருட்டில் எலிகள் துணிவு பெற்றுக் கொறிக்கத் தொடங்கின. பிறகு மிஸ் ஒரு டோர்ச் லைற்றைப் பக்கவாட்டில் அடித்தார். அந்த வெளிச்சத்துக்குள் தூசி தெரிந்தது. அது விழவில்லை. காற்றே இல்லாத அறையில் தன்பாட்டில் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டு நின்றது.

"உதிலை மயிர் இருக்கு, தோல் இருக்கு, காய்ஞ்ச மூத்திரம் இருக்கு" என்றார் மிஸ். "எலி கடிக்கிறதுக்குப் பயப்பிடாதேங்கோ. உதுக்குத்தான் பயப்பிட வேணும். கனபேருக்கு ஒண்டும் செய்யாது. சிலருக்கு முதல் தும்மல், பிறகு கண் கடி, பிறகு மூச்சு முட்டு. ஆருக்கு எண்டு முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது."

வெளிச்சத்தைத் திரும்பப் போட்டதும் தூசி காணாமல் போய்விட்டது. அது போகவில்லை, அங்கேதான் நிற்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர் சொன்ன ஒழுங்குமுறையை நாங்கள் ஜெபம் மாதிரிப் பாடமாக்கினோம். வந்த உடுப்பைக் களைந்து அலுமாரியில் வைத்துவிட்டுக் கூடத்து உடுப்பு, தொப்பி, கையுறை. முகக்கவசத்தைக் கட்டியபின் இரண்டு கையாலும் அதைப் பொத்தி ஊதிப் பார்க்க வேண்டும். கன்னத்தில் காற்றுப் பட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். தாடி வைத்தவன் உள்ளே போகக் கூடாது, தாடிக்குள்ளால் காற்று ஒழுகும். கூட்டுகிற தும்புத்தடி அந்த அறையின் வாசலைத் தாண்டக் கூடாது. ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். கூடு மாற்றும்போது எலிகள் படுத்த அழுக்கு உமியைத் தட்டவோ உதறவோ கூடாது. பையின் வாயைக் கூட்டின் விளிம்போடு ஒட்டிப் பிடித்துச் சரிய விட்டு, தண்ணீர் தெளித்து, வாயைக் கட்ட வேண்டும். மருந்து கொடுத்த எலிகளின் உமியை எரிப்போம். மற்றதைப் பின்வளவில் வெட்டிய கிடங்கில் கொட்டி மண் போட்டு மூட வேண்டும் என்பது மிஸ்ஸின் கட்டளை.

மண் போட்டு மூடுகிற இடத்தில்தான் கட்டளை பிசகியது. என்னோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் வலிகாமத்துத் தோட்டக்காரப் பிள்ளைகள். வீட்டைச் சுற்றிக் கையளவு நிலம் இருந்தாலும் அதில் நாலு வாழையும் கொஞ்ச மிளகாய்க் கன்றும் நிற்காவிட்டால் அவர்களுக்கு நித்திரை வராது. எருவைக் கண்டால் கண் மினுங்கும். நாங்கள் குருநகரில் மீனைத் தரம் பிரிக்கிற மாதிரி அவர்கள் ஆட்டெருவையும் மாட்டெருவையும் கோழி எச்சத்தையும் தரம் பிரித்துக் கதைப்பார்கள். கொடிகாமத்து ஆலையிலிருந்து வருகிற நல்ல உமி, அதில் எலியின் மூத்திரமும் புழுக்கையும் ஊறிக் கிடக்கிறது. அதைச் சும்மா புதைக்க அவர்களுக்கு மனம் வருமா? கிடங்கில் காய்ந்ததும் உரப்பையில் அள்ளி, முறை வைத்துக்கொண்டு, இந்தக் கிழமை ஒருவர், அடுத்த கிழமை இன்னொருவர் என்று வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நிலமில்லாத எனக்கு முறை கிடையாது. பொங்கலுக்கு வாழைப்பழம் வரும்; எலி மூத்திரத்துப் பழம் என்று பகிடி பண்ணிக்கொண்டே சாப்பிடுவேன். மிஸ்ஸுக்கு மட்டும் இது தெரியாது. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. எருவைப் பற்றி ஒரு மேலாளரிடம் என்ன சொல்ல இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள்.

சிவபாலன் கொக்குவில் ஆள். புகையிரதப் பாதைக்குக் கிட்ட, மதில் கட்டிய சின்ன வளவு. என்னை விட நன்றாக இளையவன், தாசண்ணை என்பான். எலிகளுக்கு அவனுடைய கை தெரியும். நான் கூட்டைத் திறந்தால் மூலைக்கு ஓடுகிறவை, அவன் திறந்தால் கைமேல் ஏறி வரும். மருந்து பருக்கும்போது அவன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் எலி அசையாது. கொல்ல வேண்டிய நாளில் முகம் கழுவிவிட்டு வருவான். ஒவ்வொன்றின் காதடியிலும் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுத்தான் வேலையைச் செய்வான். என்னடா சொல்லுகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"போட்டு வா எண்டுறன், அண்ணை. வேறை என்னத்தைச் சொல்ல?"

சாகப்போகிற எலியைப் போய்விட்டு வா என்று அனுப்புகிறான். "வரச் சொல்லாதை, விசரா" என்றேன். அவன் சிரித்தான்.

முதலில் தும்மல்தான் வந்தது. சளித் தடிமன் என்று எல்லோரும் நினைத்தோம். பிறகு எலியின் வால் பட்ட இடமெல்லாம் அவன் மணிக்கட்டில் கோடு கோடாகத் தடித்துச் சிவந்தது. கார்த்திகை பிறந்ததும் அவன் ஐயப்பனுக்கு மாலை போட்டான், தாடி வளர்ந்தது. மிஸ் விரதத்தைக் குழப்பவில்லை. "சாமி, மலைக்குப் போட்டு வரும்வரைக்கும் களஞ்சியத்திலை நில்லுங்கோ" என்று மரியாதையாக எலி அறையிலிருந்து எடுத்துவிட்டார். தும்மல் நின்றது. தடிப்பும் மறைந்தது. ஐயப்பன் சுகப்படுத்திவிட்டார் என்று அவன் எல்லோருக்கும் சொன்னான். நானும் நம்பினேன். இத்தனை மெழுகுதிரி வாங்கிய எங்கள் அந்தோனியாருக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கொஞ்சம் கோபமும் வந்தது.

மலையால் வந்து, தாடி வழித்து, முகக்கவசம் கட்டி, எலி அறைக்குள் அவன் திரும்பப் போன அன்று நான் பக்கத்துத் தட்டில் நின்றேன். ஒரு கூடு மாற்றினான். அடுத்ததைத் தூக்கும்போது பை கையிலிருந்து நழுவியது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். எலிகள் அத்தனையும் கொறிப்பதை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் சோதித்து, எலிகளால் வந்த ஒவ்வாமைதான் என்று உறுதியாகச் சொன்னார்கள். மிஸ் அவனைக் கூப்பிட்டு எதிரே இருத்தினார்.

"நான் என்ன பிழை விட்டனான், மிஸ்? நீங்கள் சொன்ன எல்லாம் செய்தனான்."

"ஒரு பிழையும் இல்லை, சிவபாலன். உங்கடை உடம்பு உதுகளை அடையாளம் பிடிச்சுப்போட்டுது. இனி மறக்காது. நீங்கள் உந்த அறைக்குள்ளை இனிப் போகக் கூடாது."

அவனை வாசற்காவலுக்குப் போட்டார்கள். விடியக் காலை வந்து மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகிற முறை. அவன் அன்று வாசற் படலையடியில் நின்று அழுததை நான் கண்டேன். எலிகளுக்காக அழுகிற ஒருவனை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களுக்கும் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தவராசா என்ற பொடியன்தான் முதலில் சொன்னான்: "பாலனுக்கு மனம் ஆறட்டும். எங்கடை முறையையும் அவனுக்கே விடுவம்." எல்லோரும் ஓம் என்றார்கள். ஒரு தோட்டக்காரன் தன் எருவை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுப்பது சின்ன அன்பு இல்லை. கிழமைக்குக் கிழமை உரப்பை கொக்குவிலுக்குப் போனது.

வாசலில் அவன் சுகமாக இருந்தான். மாசி, பங்குனி, சித்திரை, தும்மல்கூட இல்லை. வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பியது. அதற்குப் பிறகு அவன் வேலைக்கு வருகிறபோதே முகம் வீங்கியிருந்தது. வேலையிடத்தில் நன்றாக இருக்கிறான். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தலையைச் சாய்த்தவுடன் முட்டு இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இழுக்கிறது. எலிக்குப் பக்கத்தில் இருந்தால் சுகம், எலி இல்லாத வீட்டில் வருத்தம். இதை என்னவென்று சொல்வது?

ஒரு ஞாயிறு பூசை முடிந்து அவனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் குந்தியிருந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தான். அவன் மனைவி வசந்தி யன்னலை இன்னும் அகலத் திறந்து விட்டாள். சோளகம் உள்ளே வந்து திரைச்சீலையைத் தூக்கியது.

"காத்து வரட்டும் எண்டு எந்த நேரமும் திறந்துதான் விடுறனான், அண்ணை. எவ்வளவு காத்து வந்தாலும் அவருக்குக் காணாமல் கிடக்கு" என்றாள்.

சிவபாலன் என் கையைப் பிடித்தான். கதைக்க முடியாமல் சொல் சொல்லாகச் சொன்னான். "தாசண்ணை... எலி அறை... மணக்குது."

"எங்களுக்கு ஒண்டும் மணக்கேல்லை" என்று வசந்தி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். என்னை விறாந்தைக்குக் கூட்டிவந்து குரலைத் தாழ்த்தினாள். "எத்தினை எலியைத் தன்ரை கையாலை முடிச்சவர். பிள்ளையாற்றை வாகனம் அல்லே? போட்டு வா, போட்டு வா எண்டு சொல்லித்தானே அனுப்பினவர். அதுகள் வருகுதுகள், அண்ணை. அதுகளின்ரை மூச்சு இவரிலை ஏறுது."

அந்த அறைக்குள் சுவரிலும் தட்டிலும் எலி ஒன்றையும் காணவில்லை, ஆனால் திரும்பிப் பார்க்காமல் படலைவரைக்கும் நடக்க எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த கிழமை எலிகளின் தோசம் போக ஆள் பிடித்துக் கழிப்புக் கழித்தார்கள். நீத்துப்பூசணியை ஒழுங்கை முடக்கில் உடைத்தார்கள். வீடெங்கும் போட்ட சாம்பிராணிப் புகையில் அவன் இன்னும் மோசமானான். அன்று பின்னேரம் அவன் சொண்டு நீலம் பாரித்துவிட்டது. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சு வைத்தியர் வெளியே வந்து வசந்தியிடம் ஒளிக்காமல் சொன்னார்: "தப்பிவிட்டார். ஆனால் வீட்டிலை ஏதோ இருக்கு. அதைக் கண்டுபிடிக்காமல் இவரை அங்கை கொண்டு போகாதேங்கோ. இன்னொருக்கா உப்பிடி வந்தால் திரும்பக் கொண்டு வர ஏலாது."

மிஸ் அடுத்த நாளே கொக்குவிலுக்கு வந்தார், என்னையும் கூட்டிவந்தார். அவன் இன்னும் வார்ட்டில் இருந்தான். மத்தியான வெயில், சோளகம் ஊதிக்கொண்டிருந்தது, வீட்டில் வேறு சத்தமில்லை. மிஸ் ஒன்றையும் தேடவில்லை. வசந்தியைக் கூப்பிட்டு, "பிள்ளை, அவர் வேலையாலை வந்தாப் பிறகு என்ன செய்யிறனீங்களோ, அதை அப்பிடியே செய்து காட்டுங்கோ" என்றார். வசந்தி சாப்பாட்டுக் கோப்பையை வைத்தாள், எடுத்தாள். கட்டிலில் விரிப்பைத் தட்டிப் போட்டாள். தலையணையை வைத்தாள். யன்னலைத் திறந்தாள். திரைச்சீலை எழும்பி விழுந்தது.

மிஸ் கட்டிலடியில் முழந்தாளிட்டு, எங்கள் கொலரடியில் செய்வது போல, தலையணையில் மூக்கை வைத்தார். நெடுநேரம் எழும்பவில்லை. பிறகு முகத்தைத் திருப்பாமல், "தாஸ், நீங்கள் வந்து மணந்து பாருங்கோ" என்றார்.

குனிந்தேன். எலி அறை. கூட்டைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கிற அதே மணம், மெல்லியதாக, அவன் தலை வைத்த பள்ளத்துக்குள்ளிருந்து வந்தது. எத்தனையோ மாதமாக ஒரு எலியையும் தொடாத மனிதனின் தலையணை. அவன் மணக்குது மணக்குது என்று சொன்னபோது ஏக்கத்தில் சொல்லுகிறான் என்றல்லவா நினைத்தேன்.

மிஸ் எழும்பி யன்னலடிக்குப் போனார். நுளம்புக்கு அடித்த நைலோன் வலையில் விரலை வைத்து இழுத்தார். விரலில் வெள்ளை மயிர்கள் ஒட்டியிருந்தன. வலை முழுவதும் அவைதான், நூல் நூலாக, காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. வசந்தி கண்டுவிட்டு, "பிள்ளையாரே" என்று கும்பிட்டபடி சுவரோடு ஒட்டினாள்.

யன்னலுக்கு நேர் வெளியே வாழைப் பாத்தி. ஊரெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்க, அந்த வாழைகள் மட்டும் கறுக்கும் பச்சையில் யன்னலை மறைத்துக்கொண்டு நின்றன. அடியில் கணுக்கால் அளவுக்கு உமி, காய்ந்து, சாம்பல் நிறத்தில். சோளகம் ஊதும்போதெல்லாம் அதன் மேற்புறம் மெல்லக் கிளம்பி, யன்னல் பக்கம் நகர்ந்தது.

"உதென்ன?" என்று மிஸ் கேட்டார்.

"எரு, மிஸ். உங்கடை இடத்திலையிருந்து பொடியள் குடுத்தவங்கள். நல்ல எரு" என்றாள் வசந்தி.

மிஸ் கிணற்றுக்கட்டில் போய் இருந்துவிட்டார். அவர் வேலை நடுவில் அப்படிக் குந்தியதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. "மூடச் சொன்னன். மூடினதை ஒருநாளும் போய்ப் பார்க்கேல்லை" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு வசந்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். "நீங்கள் அதுகள் வருகுதுகள் எண்டு சொன்னது முழுப் பிழை இல்லை, பிள்ளை. வந்ததுதான். நாங்கள்தான் பையிலை கட்டி அனுப்பியிருக்கிறம்."

வசந்தி யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவு நாளும் நான்தானே, மிஸ், திறந்து விட்டனான்" என்றாள். மிஸ் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்தில் மிஸ் விசயத்தைச் சொன்னபோது தவராசா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான். "பாவம் எண்டுதானே குடுத்தனாங்கள், மிஸ்." யாரையும் அவர் ஏசவில்லை. வழக்கம் போலத் தானே முன்னுக்கு நின்றார். முகக்கவசம் கட்டி, பாத்தியை ஊற ஊற நனைத்து, உமியையும் மேல்மண்ணையும் அள்ளி இரட்டைப் பைகளில் கட்டி எரிக்கக் கொண்டுபோனோம். வாழைகளைத் தறித்தோம். தலையணை, மெத்தை, திரைச்சீலை, வலை எல்லாம் போனது. சுவரையும் கூரை மரத்தையும் ஈரத்துணியால் துடைத்தோம். அது முடியும்வரை சிவபாலன் கொடிகாமத்தில் வசந்தியின் தமக்கை வீட்டில் இருந்தான். திரும்பி வந்தவன் மத்தியானம் படுத்து நித்திரை கொண்டான் என்று கேட்டபோது நாங்கள் கைதட்டினோம். தவராசா அழுதே விட்டான்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். அந்தச் சந்தோசத்தில் ஒரு பின்னேரம் அவனைப் பார்க்கப் போனேன். வேலை முடிந்து தலை தோய்ந்து, வீட்டு உடுப்புப் போட்டு, மிஸ்ஸின் மூக்கையும் தாண்டி வந்தவன் நான். விறாந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து கதைத்தோம். வசந்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் ஏதோ பகிடி சொல்ல, அவன் சிரித்தான். சிரிப்பின் கடைசியில் அந்த விசில் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவன் என் சட்டையைப் பார்த்தான், என் தலையைப் பார்த்தான். நான் எழும்பிப் படலைக்கு ஓடினேன். அவன் இன்ஹேலரை எடுத்து இழுக்கிறதை ஒழுங்கையில் நின்று பார்த்தேன்.

மிஸ்ஸிடம் சொன்னேன். "தலை தோயிறியள், சரி. ஹெல்மெட்டை ஆர் தோய வாக்கிறது?" என்று கேட்டார். மத்தியானம் சாப்பாடு எடுக்கப் போகும்போது தோயாத அதே தலையில் அதைப் போட்டுக்கொண்டுதானே போகிறேன். புது ஹெல்மெட் வாங்கினேன், கைப்பையை மாற்றினேன், மணிக்கூட்டுப் பட்டியை மாற்றினேன். பிறகும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். தேநீர் குடித்து முடியும்வரை தாங்கினான், பிறகு நெஞ்சைத் தடவினான். அவனைக் கொல்லக் கூடியது என்னில் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று என்னை நானே அருவருத்த நாட்கள் உண்டு.

அதற்குப் பிறகு நான் படலையைத் தாண்டவில்லை. வேலையால் போகிற வழியில் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, என் பக்கக் காற்று அவனிடம் போகாதபடி நிற்பேன். அவன் விறாந்தையில் இருந்தபடி சத்தம் போட்டுக் கதைப்பான், நானும் சத்தம் போடுவேன். எங்கள் இரகசியமெல்லாம் கொக்குவிலுக்கே தெரியும். வருசங்கள் அப்படியே போயின. மிஸ் ஓய்வுபெற்றுப் போனார். சிவபாலனின் நெஞ்சு முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு மாரிக்கும் ஒவ்வொரு சோளகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வந்தது. "நீங்கள் ரிட்டயர் ஆனாப் பிறகு உள்ளை வந்து இருங்கோ, அண்ணை. கத்திக் கத்தி என்ரை தொண்டை போச்சு" என்பான்.

எனக்கு ஓய்வு கிடைக்கச் சில மாதங்கள் இருந்தபோது அவனுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இந்த முறை திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

செத்தவீட்டுக்கு வேலையிலிருந்து நேரே போனேன். வளவு நிறையச் சனம். பறை அடித்துக்கொண்டிருந்தது. கூடத்துப் பொடியள் எல்லோரும் உள்ளே போனார்கள். நான் ஒழுங்கையில் நின்றேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கூட விட்டேன். கடந்து போனவர்கள் ஏன் வெளியில் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். வசந்தி விறாந்தையிலிருந்து என்னைக் கண்டிருக்க வேண்டும். பெண்களை விலக்கிக்கொண்டு, தலைமயிர் அவிழ்ந்தபடி படலைக்கு வந்தாள். படலையை அகலத் திறந்துவிட்டாள்.

"உள்ளை வாங்கோ, அண்ணை" என்றாள். "இனி அவருக்கு ஒண்டும் செய்யாது."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்கள். இருந்தேன். அவன் நெற்றியைத் தொடக் கை போனது, பாதியில் இழுத்துக்கொண்டேன். பிறகு தொட்டேன்.